ரோஹிங்கியா அகதிகள் ஏன் திரும்பிப் போக மறுக்கிறார்கள்?

கேள்வியை முதலில் ஒருமுறை எடுத்து எழுதிவிடுகிறேன். "பங்களாதேஷில் இருக்கும் ரோஹிங்கியா அகதிகளில் 1,80,000 பேரைத் திரும்ப ஏற்கலாம் என்று பர்மா அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் ஏன் போக மறுக்கிறார்கள்? முகாமில் அரிசி சும்மா கிடைப்பதாலா? பர்மாவில் நம் தமிழர்கள் நிம்மதியாகத்தானே வாழ்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. ஆனால் உள்ளே நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. உயிர் பிழைக்க ஓடியவருடைய ஊர் திரும்பி வரத் தக்கதாகிவிட்டது என்று யார் சொன்னால் நம்புவது? கூப்பிடுகிறவர் சொன்னாலா, அனுப்பிவைக்கிறவர் சொன்னாலா, போகப் போகிறவர் சொன்னாலா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் தென் பர்மாவில் மோல்மீன் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தமிழும் பர்மியமும் கரேனும் பேசி வளர்ந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குக் குடியுரிமை அட்டை விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். இடையில், 2016 முதல் 2019 வரை, தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து திரும்பிய கரேன் இனக் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ரோஹிங்கியா முஸ்லிம்களின் ஊர்கள் பர்மாவின் மேற்கே, பங்களாதேஷை ஒட்டிய அரக்கானில், அதாவது இன்றைய ரக்கைன் மாநிலத்தில், இருக்கின்றன. அங்கே நான் வாழ்ந்ததில்லை. அதன் தலைநகரான சிட்வேக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே அரக்கானைப் பற்றி நான் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது. அட்டையைப் பற்றியும் திரும்பி வருவதைப் பற்றியும் சொல்வது என் கையால் செய்த வேலையிலிருந்து வருகிறது.

அந்த 1,80,000 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். 2018-க்கும் 2020-க்கும் இடையில் பங்களாதேஷ் அரசு எட்டு லட்சம் பெயர்களை ஆறு தவணைகளாகப் பர்மாவிடம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி, பாங்காக்கில் வங்கக் கடல் நாடுகளின் மாநாடு நடந்தபோது, அந்தப் பட்டியலிலிருந்து 1,80,000 பேர் திரும்பத் தகுதியானவர்கள் என்று பர்மாவின் ராணுவ அரசு தெரிவித்தது. இதுவரை செய்தி சரிதான். "தகுதி" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். இந்த ஆள் உண்மையிலேயே முன்பு பர்மாவில் வசித்தவரா என்று பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆம் என்று எழுதியிருக்கிறார்கள். சரிபார்த்தது ஆட்களை. அவர்கள் போய் இறங்கப் போகும் ஊரை யாரும் சரிபார்க்கவில்லை. அவர்கள் வீடு நிற்கிறதா, நிலம் யார் கையில், வழியில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்ற எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அரக்கான் ஆர்மி என்ற ரக்கைன் இனப் படை 2023 நவம்பர் 13-ஆம் தேதி ராணுவத்தின் மீது மீண்டும் போர் தொடுத்தது. 2024 மே மாதம் புத்திடௌங் அதன் கைக்குப் போனது. 2024 டிசம்பர் 8-ஆம் தேதி மௌங்டோவில் ராணுவத்தின் கடைசித் தளமும் வீழ்ந்தது. அன்றிலிருந்து பங்களாதேஷை ஒட்டிய எல்லை முழுவதும் அரக்கான் ஆர்மியின் பிடியில் இருக்கிறது. ரோஹிங்கியாக்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். அதாவது, 2025 ஏப்ரலில் "வாருங்கள்" என்று சொன்ன அரசிடம் அந்த ஊர்கள் அப்போது இல்லை. அதே காலத்தில் எதிர்த்திசையில்தான் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 2024 தொடக்கத்திலிருந்து 2025 நடுப்பகுதிக்குள் சுமார் 1,50,000 ரோஹிங்கியாக்கள் புதிதாக பங்களாதேஷுக்குள் வந்ததாக ஐ.நா. அகதிகள் ஆணையம் சொல்கிறது.

இனி அரிசி. இந்தச் சந்தேகத்துக்குப் பழைய வரலாறே பதில் சொல்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1978-இல் "நாக மின்" என்ற பெயரில் குடியேற்றச் சோதனை நடத்தினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அந்த ஆண்டு ஜூலையிலேயே இரு அரசுகளும் திருப்பி அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டன. அகதிகள் போக மறுத்தார்கள். அப்போது முகாம்களில் உணவு வேண்டுமென்றே குறைவாகக் கொடுக்கப்பட்டது. சுமார் 10,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், அந்த முகாம்களில் இறந்தார்கள் என்று அங்கே ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கிளை அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆலன் லிண்ட்குவிஸ்ட் 1979-இல் எழுதிவைத்திருக்கிறார். அதன் பிறகு மற்றவர்கள் திரும்பினார்கள். 1979 முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். கணக்கில் அது வெற்றிகரமான திரும்புதல். ஊரில் எதுவும் மாறியிருக்கவில்லை. முகாமில் சோறு இல்லாமல் போயிருந்தது.

அந்தத் திரும்புதல் எத்தனை நாள் நின்றது? மூன்று ஆண்டுகளில், 1982-இல், புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1991-92-இல் சுமார் 2,50,000 பேர் மறுபடியும் ஓடினார்கள். மறுபடியும் ஒப்பந்தம், மறுபடியும் லாரிகள். 1995-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம்களில் விசாரித்தபோது 63 விழுக்காட்டினர் திரும்ப விரும்பவில்லை என்றார்கள். மறுக்கும் உரிமை தங்களுக்கு இருக்கிறது என்பதே 65 விழுக்காட்டினருக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏறக்குறைய 2,30,000 பேர் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு ஊரில் கிடைத்தது வெள்ளை அட்டை என்ற தற்காலிகப் பதிவுச் சீட்டு. 2015 மார்ச் 31-ஆம் தேதியோடு அந்த வெள்ளை அட்டையும் செல்லாது என்று அறிவித்தார்கள். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின், ராணுவத்தின் தாக்குதலுக்குப் பயந்து, சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். பங்களாதேஷின் காக்ஸ் பஜார் முகாமில் இன்று இருக்கும் ஒரு பாட்டி இந்த மூன்று ஓட்டங்களையும் பார்த்திருக்கக் கூடும். அவரிடம் போய் "ஏன் தயங்குகிறாய்" என்று கேட்க எனக்கு வாய் வராது.

அரிசிக்காகத்தான் இருக்கிறார்கள் என்பது உண்மையானால், அரிசி குறைந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். 2023-இல் ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி மூன்றே மாதத்தில் 8 டாலராகக் குறைந்தது. பர்மாவை நோக்கி யாரும் நடக்கவில்லை. படகேறி மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போய்க் கடலில் மடிந்தார்கள்.

அட்டையின் கதை எங்களுக்கும் நன்றாகத் தெரியும். 1982 சட்டப்படி, முதல் ஆங்கிலோ-பர்மியப் போருக்கு முன், அதாவது 1823-க்கு முன், இங்கே குடியிருந்த இனங்கள்தான் மண்ணின் இனங்கள். அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை, தமிழரும் இல்லை. பட்டியலில் இல்லாதவர் தம் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் காகிதம் இருந்ததைக் காட்டி ஏற வேண்டும். முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுக்கு நீலம், இயல்புரிமை பெற்றவருக்குப் பச்சை என்று அட்டையின் நிறத்திலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் கட்டி எடுத்து வருவார்கள். 1950-களின் மூன்று மடிப்புத் தேசியப் பதிவு அட்டை, ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்த அந்நியர் பதிவுச் சான்று, வீட்டுப் பட்டியலின் கிழிந்த நகல். மடிப்பு விழுந்த இடத்தில் பெயரின் ஓர் எழுத்து அழிந்திருந்தால் அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு ஆண்டுகள் அலைந்த குடும்பம் எனக்குத் தெரியும். வீடு எரியாதவர்களுக்கே இந்தப் பாடு. கிராமத்தோடு வீட்டுப் பட்டியலும் எரிந்துபோனவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

2017 நவம்பர் 23-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி திரும்புகிறவர்களுக்குத் தேசியச் சரிபார்ப்பு அட்டை கொடுப்பதாகச் சொன்னார்கள். அதை வாங்குவது "நான் குடிமகனா இல்லையா என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம் என்று ரோஹிங்கியாக்கள் சொல்கிறார்கள். அட்டை வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் சொல்வது சரி. அதனால்தான் 2018 நவம்பர் 15 அன்று எல்லையில் பஸ்கள் காத்திருந்தும் ஒருவரும் ஏறவில்லை. பட்டியலில் பெயர் இருந்தவர்கள் வேறு முகாம்களில் போய் ஒளிந்துகொண்டார்கள். 2019 ஆகஸ்ட் 22 அன்று 3,450 பேர் போகலாம் என்றார்கள். அன்றும் ஒருவரும் போகவில்லை.

2023 மே 5 அன்று இருபது அகதிகளை மௌங்டோவுக்கு அழைத்துப் போய், கட்டி வைத்திருந்த குடியிருப்புகளைக் காட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான், போகிறவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சரியான முறை. பார்த்தவர்கள் திரும்பி வந்து சொன்னது, இது எங்கள் கிராமம் இல்லை, இன்னொரு முகாம் என்பதுதான். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2012 கலவரத்தில் வீடிழந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் சிட்வேக்கு வெளியே "தற்காலிக" முகாம்களில் அடைபட்டு ஆண்டுக்கணக்காகிவிட்டது. நான் போனபோது சாலையோரச் சோதனைச் சாவடி வரைதான் விட்டார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுவன் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு வேலி வரை வருவான், திரும்பிப் போவான், மறுபடி வருவான்.

இப்போது என் சொந்த வேலையில் பார்த்தது. 2015 அக்டோபரில் கரேன் தேசிய யூனியன் உட்படப் பல படைகள் அரசோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டன. தாய்லாந்து எல்லையில் ஒன்பது முகாம்கள். அங்கிருந்து அரசுகளின் ஒப்புதலோடு முதல் குழுவாக 71 பேர் 2016 அக்டோபரில் திரும்பினார்கள். 2019 வரை சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சம்தான். யாரும் வற்புறுத்தவில்லை, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள், படிவம் அவரவர் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் வாசித்தேன். இவ்வளவு நேர்மையாக நடந்த திரும்புதலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒரு நாள், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் தம் முகாம் ரேஷன் புத்தகத்தை மேசையில் வைத்தார். திரும்புகிறவர்கள் அதை ஒப்படைக்க வேண்டும். வைத்தவர் விரலை எடுக்கவில்லை. "ஊர் சரிப்படாவிட்டால் இதைத் திரும்பக் கொடுப்பார்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி நல்ல மனிதர்; சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது வேறு விண்ணப்பம் என்றார். அந்தப் பதிலையும் நான்தான் அந்தத் தாய்க்குச் சொன்னேன். அவர் விரலை எடுத்தார்.

தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடி நகருக்குத் தெற்கே லே கே காவ் என்று ஒரு சிற்றூர் உண்டு. இடம்பெயர்ந்தவர்களும் எல்லையிலிருந்து திரும்புகிறவர்களும் குடியேறுவதற்காக ஜப்பானிய நிதியில் புதிதாகக் கட்டியது. அமைதி ஊர் என்றே சொன்னார்கள். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த டிசம்பரில் ராணுவம் லே கே காவுக்குள் புகுந்தது. சண்டை மூண்டது, விமானங்கள் வந்தன, ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து மறுபடியும் தாய்லாந்துப் பக்கம் போனார்கள். ஏற்பாட்டில் குறை இல்லை, கேட்ட விதத்தில் குறை இல்லை, வீடுகள் புதியவை. நாட்டின் ஆட்சி மாறிய பத்தே மாதத்தில் எல்லாம் போயிற்று. அதனால்தான் ஓர் ஊர் இன்று அமைதியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாரையும் போகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நாளை அமைதி குலைந்தால் மறுபடி வெளியேற வழி இருக்கிறதா என்று சேர்த்துக் கேட்கிறேன்.

உறுதியானது எது, தகராறில் இருப்பது எது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பர்மாவும் பங்களாதேஷும் இந்தியாவும் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுகள். ஆனாலும் ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஒருவரைப் பலவந்தமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காறாகிவிட்டது என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. எல்லா அரசுகளும் இதை ஏற்பதில்லை. 2024 பிப்ரவரி 10-இல் ராணுவம் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியதும், குடிமக்களே அல்ல என்று சொல்லப்பட்ட ரோஹிங்கியா இளைஞர்களையே அதன் பேரில் பிடித்து முன்வரிசைக்கு அனுப்பியதும் நன்கு பதிவாகியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று பங்களாதேஷ் எல்லையான நாஃப் ஆற்றங்கரையில் ஆற்றைக் கடக்கக் காத்திருந்த குடும்பங்கள் மீது டிரோன் குண்டுகள் விழுந்ததும் உண்மை. தப்பியவர்கள் அரக்கான் ஆர்மியைக் குற்றம் சாட்டுகிறார்கள், அது மறுக்கிறது, இறந்தவர் எண்ணிக்கை ஒவ்வோர் அறிக்கையிலும் மாறுகிறது. ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒன்று 2017 ஆகஸ்டில் இந்துக் கிராமங்களில் 99 பேர் வரை கொன்றதாக அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு 2018-இல் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழு மறுத்தாலும் சாட்சியங்கள் வலுவானவை, நான் நம்புகிறேன். இதை மறைத்துவிட்டு எழுதினால் என் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பில்லை. ஆயினும் ஓர் ஆயுதக் குழு செய்த கொலைக்கு முகாமில் இருக்கும் பத்து லட்சம் பேர் குடியுரிமையைக் கொடுத்துத் தண்டனை கட்ட முடியாது.

அரக்கான் ஆர்மி நாளை நல்ல முறையில் ஏற்றுக்கொள்ளுமா என்பது கணிப்புதான். அதன் நிர்வாகத்தின் கீழும் ரோஹிங்கியாக்களின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதாகத் தப்பி வந்தவர்கள் தொடர்ந்து சொல்கிறார்கள். என் கணிப்பில், பர்மாவின் ராணுவ அரசோடு மட்டும் பேசிப் போடும் எந்த ஒப்பந்தமும் இனி நாஃப் ஆற்றைத் தாண்டாது.

கடைசியாக, நாங்கள். கோயில்களில் தீமிதி நடக்கிறது, பிள்ளைகள் மாலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் எழுதிப் பழகுகிறார்கள். இது உண்மை. எங்கள் பையன்களும் கட்டாய ராணுவ சேவைக்குப் பயந்து இரவோடிரவாக எல்லை தாண்டுகிறார்கள் என்பதும் உண்மை. நம்மவர்கள் நிம்மதியாக இருப்பது மற்றவர்களும் திரும்பலாம் என்பதற்குச் சான்று என்று யாராவது சொன்னால் எனக்கு என் அப்பத்தாவின் ஞாபகம் வருகிறது. 1942-இல் ஜப்பானியக் குண்டுகளுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து புரோம் வழியாக நடந்து, மலை தாண்டித் தௌங்கூப் போய், அங்கிருந்து படகில் அக்யாபுக்கும் பிறகு சிட்டகாங்குக்கும் போனவர் அவர். அக்யாப் என்பது இன்றைய சிட்வே. இன்று ரோஹிங்கியாக்கள் ஓடும் அதே கரையில் அன்று எங்கள் குடும்பம் அகதியாக நின்றது. போர் முடிந்து 1946-இல் கப்பலில் திரும்பி வந்தபோது ரங்கூன் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. கேட்க எந்தக் காகிதமும் அப்பத்தாவிடம் இல்லை. முற்றத்தில் தம் ஆட்டுக்கல்லைப் பார்த்தார். குழியில் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்களாம். அந்தக் கல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு உறவினரைத் தேடி மோல்மீனுக்கு வந்தார். இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

1964-க்குப் பிறகு தளபதி நெ வின்னின் ராணுவ ஆட்சியில் கடைகளும் தொழில்களும் பறிபோய், இந்திய வம்சாவளியினர் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். சென்னையில் அவர்கள் கடை போட்ட பர்மா பஜாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்க முடியாமல், பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை வந்து தரைவழியாகப் பர்மாவுக்குள் நுழையப் பார்த்தார்கள். எல்லையில் தடுத்துத் திருப்பிவிட்டார்கள். அப்படி நின்றுபோனவர்கள்தான் மணிப்பூர் எல்லையூரான மோரேயில் தமிழர்களாக வேரூன்றினார்கள். திரும்ப விரும்பியவரை உள்ளே விடாத அந்த எல்லையில்தான், 2018 அக்டோபர் 4 அன்று, அசாமில் சிறையிலிருந்த ஏழு ரோஹிங்கியா ஆண்களை இந்தியா பர்மா அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அவர்களுக்கும் பதிவேட்டில் முகவரி சரிபார்க்கப்பட்டிருந்தது. அடுத்த முறை இத்தனை லட்சம் பேர் தகுதி பெற்றார்கள் என்று செய்தி வந்தால், எந்த ஊருக்கு, அந்த ஊர் இப்போது யார் கையில், என்ன நிற அட்டையோடு, சரிப்படாவிட்டால் ரேஷன் புத்தகம் திரும்பக் கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். ஏதாவது ஒன்றுக்காவது பதில் கண்டால் இங்கேயே எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன்.